பங்க் ராக்கின் எழுச்சியை அறிய எந்த ஆவணப்படத்தைப் பார்க்கலாம்?

பங்க் ராக் இசை எப்படி எழுந்தது என்பதை அறிய ஒரே ஓர் ஆவணப்படம் பார்ப்பதானால் எதைப் பார்ப்பது என்றும், வெறும் கூச்சலாகக் காதில் விழும் அந்த இசையில் ஒரு நாடே பதறும் அளவுக்கு என்னதான் இருந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் விடை, ஜூலியன் டெம்பிள் இயக்கி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி ஃபில்த் அண்ட் தி ஃப்யூரி'. இரண்டாவது கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்தப் படத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் படம் விட்டுச் செல்லும் இடங்களும் சில உண்டு. அவற்றையும் சொல்லியாக வேண்டும்.

'அழுக்கும் ஆவேசமும்' என்று பொருள்படும் அத்தலைப்பு இயக்குநர் யோசித்து வைத்ததன்று. 1976 டிசம்பர் 2 அன்று லண்டனின் 'டெய்லி மிரர்' நாளிதழ் தன் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட தலைப்பு அது. அந்தச் செய்திக்கு ஆளான செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுதான் படத்தின் பொருள். 1975 நவம்பரில் முதல் முறையாக மேடையேறி 1978 ஜனவரியில் கலைந்துபோன இந்தக் குழு, தன் வாழ்நாளில் வெளியிட்ட முழு இசைத்தொகுப்பு ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான அந்தக் காலத்தை ஏன் இத்தனை ஆண்டுகள் கழித்தும் பேசுகிறோம் என்பதை, இசையை விட்டு விலகி முதலில் நாட்டைக் காட்டுவதன் மூலம் டெம்பிள் விளக்குகிறார்.

1975-இல் பிரிட்டனின் பணவீக்கம் 25 விழுக்காட்டைத் தாண்டியது. அடுத்த ஆண்டு அந்நாட்டு அரசு பன்னாட்டு நிதியத்திடம் கடனுக்குக் கையேந்தி நின்றது. வேலையில்லாதோர் தொகை பத்து லட்சத்துக்கு மேல். பள்ளியை விட்டு வெளியே வரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு முன்னால், தகப்பன் பார்த்த ஆலை வேலைகூட இல்லாத காலம் அது. ராக் இசையோ, பெருஞ்செல்வர்களாகிவிட்ட கலைஞர்கள் பெரிய அரங்குகளில் இருபது நிமிடம் நீளும் பாடல்களை வாசித்துக் காட்டும் கலையாகியிருந்தது. கேட்பவன் அதை வியக்கலாம். தானும் அதைச் செய்யலாம் என்று அவனால் எண்ணிப் பார்க்க முடியாது. இந்த இடைவெளிதான் பங்க் முளைத்த நிலம்.

லண்டனில் கிங்ஸ் ரோடு 430-ஆம் எண் கடையில் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் துணி விற்றுக்கொண்டிருந்தனர். 'செக்ஸ்' என்பதே அப்போது அந்தக் கடையின் பெயர். மேற்கு லண்டன் பள்ளித் தோழர்களான ஸ்டீவ் ஜோன்ஸும் பால் குக்கும் அங்கே சுற்றித் திரிந்தவர்கள். ஜோன்ஸ் நன்றாக எழுதப் படிக்கத் தெரியாதவர், கிதாரையும் ஒலிபெருக்கியையும் பெரிய கலைஞர்களிடமிருந்து திருடிச் சேர்த்தவர். சனிக்கிழமைகளில் கடையில் வேலை செய்த க்ளென் மேட்லாக் பேஸ் கிதாரை எடுத்துக்கொண்டார். 1975 ஆகஸ்டில், பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் பெயர் அச்சிட்ட சட்டையில் அதன் மேலே 'எனக்கு வெறுப்பு' என்று கிறுக்கிக்கொண்டு வந்த ஜான் லைடன், கடையிலிருந்த ஜூக்பாக்ஸின் முன் நின்று பாடிக் காட்டியபின் பாடகராகச் சேர்க்கப்பட்டார். ஐரிஷ் குடியேறிகளின் மகனான அவர், ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு பல மாதம் மருத்துவமனையில் கிடந்து, பெற்றோரின் முகத்தைக்கூட மறந்து மீண்டு வந்தவர். ஜானி ராட்டன், அதாவது 'அழுகிய ஜானி' என்ற மேடைப் பெயரின் பின்னாலிருக்கும் அந்த வெறித்த பார்வைக்கும் வளைந்த முதுகுக்கும் அந்நோயே காரணம் என்பதை அறிந்தபின், அவரை மேடையில் பார்க்கும் நம் பார்வையே மாறிவிடுகிறது.

படத்தின் ஆக்க முறை பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் வலிமை அதில்தான் இருக்கிறது. பொதுவாக இசை ஆவணப்படம் என்றால் பழைய நிகழ்ச்சிப் பதிவும், நாற்காலியில் அமர்ந்து நினைவுகூரும் முதியவர்களும் மாறி மாறி வருவார்கள். டெம்பிள் அதைச் செய்யவில்லை. அன்றைய பிரிட்டன் தொலைக்காட்சியின் விளம்பரங்கள், வானிலை அறிக்கைகள், டாமி கூப்பர் போன்ற நகைச்சுவைக் கலைஞர்களின் காட்சித் துணுக்குகள், ஷேக்ஸ்பியர் நாடகத்தைத் தழுவி 1955-இல் வெளிவந்த 'மூன்றாம் ரிச்சர்ட்' படத்தில் லாரன்ஸ் ஒலிவியர் கூனலாக நொண்டி நடக்கும் காட்சிகள் ஆகிய அனைத்தையும் குழுவின் கதைக்குள் வெட்டி ஒட்டியிருக்கிறார். பத்திரிகை எழுத்துகளைக் கத்தரித்து ஒட்டிக் குழுவுக்குச் சுவரொட்டி செய்த ஜேமி ரீடின் கைவண்ணத்தை அப்படியே படத்தொகுப்பு முறையாக்கியிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒலிவியரின் ரிச்சர்டிலிருந்தே தன் மேடை உருவத்தை எடுத்துக்கொண்டதாக லைடன் சொல்லும்போது, இந்த ஒட்டுவேலை அலங்காரமாக இல்லாமல் சான்றாகவே ஆகிவிடுகிறது. வானத்திலிருந்து விழுந்தவர்களாகத் தூற்றப்பட்ட இந்த இளைஞர்கள், ஆங்கிலேய நாடக மேடைக்கும் தெருக்கூத்து நகைச்சுவைக்கும் பேரப்பிள்ளைகள் என்பதை ஒரு விமர்சகரின் விளக்கவுரை இல்லாமலே படம் நிறுவிவிடுகிறது.

இந்தப் படம் ஒரு மறுப்புரையும் ஆகும். 1980-இல் இதே டெம்பிள் 'தி கிரேட் ராக் அண்ட் ரோல் ஸ்விண்டில்' என்ற படத்தை எடுத்தார். வாசிக்கத் தெரியாத நான்கு பேரை வைத்துத் தானே திட்டமிட்டு நடத்திய பெரும் மோசடிதான் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்று, குழுவின் மேலாளராக இருந்த கடைக்காரர் மெக்லாரன் பாடம் நடத்துவதாக அமைந்த படம் அது. குழுவிலிருந்து விலகிவிட்ட லைடனின் குரலுக்கு அதில் இடமே இல்லை. பின்னர் லைடன் தொடுத்த வழக்கு 1986-இல் சமரசமாக முடிந்து, குழுவின் உரிமைகளும் பணமும் உறுப்பினர்களிடமே திரும்பின. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு தரப்பின் கதையைச் சொன்ன அதே இயக்குநர் மறு தரப்பையும் சொல்ல வந்தார். இவ்வகையில் தன் முந்தைய படத்துக்குத் தானே விடை எழுதிய இயக்குநர்கள் அரிது. அதனால்தான் இதில் மெக்லாரன் முகம் காட்டிப் பேசுவதில்லை; அவர் கடையில் விற்ற வகையிலான ரப்பர் முகமூடி ஒன்று, காற்றடைத்துப் புடைத்து, அவர் குரலில் பேசுகிறது. குழுவினரும் முகம் காட்டுவதில்லை. சன்னலுக்கு எதிரே நிழலுருவாக, பாதுகாப்பு வேண்டும் சாட்சிகளைப் போல அமர்ந்து பேசுகிறார்கள். நாற்பதைத் தாண்டிய முகங்கள் கண்ணில் படாததால், அந்தப் பேச்சு இருபது வயதினரின் உருவங்களோடே ஒட்டிக்கொள்கிறது.

இனி தலைப்புக்குக் காரணமான நிகழ்ச்சி. 1976 டிசம்பர் 1 மாலை, தேம்ஸ் தொலைக்காட்சியின் 'டுடே' நிகழ்ச்சியில் குவீன் குழு வருவதாக இருந்து வர இயலாமற்போகவே, அவர்களுக்குப் பதிலாக அதே இசைத்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த செக்ஸ் பிஸ்டல்ஸை அனுப்பினார்கள். நிகழ்ச்சியை நடத்திய பில் கிரண்டி அவர்களை எள்ளலாகவே வரவேற்றார்; உடன் வந்திருந்த சூக்ஸி சூ என்ற இளம்பெண்ணிடம் வழிந்து பேசினார்; இதைக் கண்டு ஜோன்ஸ் வாய்க்கு வந்தபடி திட்ட, 'இன்னும் சொல்லுங்கள்' என்று தூண்டவும் செய்தார். சில நிமிடங்களே நீடித்த அந்த உரையாடல் லண்டன் வட்டாரத்தில் மட்டுமே ஒளிபரப்பானது. குடும்பங்கள் தேநீர் அருந்தும் நேரத்தில் வீட்டுக்குள் ஒலித்த கெட்ட வார்த்தைகளை மறுநாள் காலை நாளிதழ்கள்தாம் நாடு முழுவதற்கும் கொண்டு சேர்த்தன. கிரண்டி இரண்டு வாரம் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். படம் அந்தக் காட்சியை வெட்டாமல் ஓடவிடுகிறது, அதுதான் சரி. முழுதாகப் பார்க்கும்போது, முதலில் பண்பு தவறியவர் அந்த மேசையில் மூத்தவராக அமர்ந்திருந்தவரே என்பது எவருக்கும் விளங்கும்.

பங்க்கின் எழுச்சியை நான் புரிந்துகொள்வது இந்த மாலையை நடுவில் வைத்துத்தான். அதற்கு முன் அது சில நூறு பேர் அறிந்த ஒரு சிறு வட்டம். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் இக்குழு பாடியபோது கேட்டவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். ஆனால் அந்த நாற்பதுக்குள் பின்னாளில் ஜாய் டிவிஷன் குழுவைத் தொடங்கியவர்கள் இருந்தார்கள். பார்த்தவன் வீடு திரும்பித் தானும் ஒரு குழு தொடங்குவான் என்ற வகையில், கைமாறும் விளக்குப் போலத்தான் அதுவரை அது பரவியது. டிசம்பர் 2-க்குப் பிறகு நாடு முழுவதும் அதை அறிந்தது, அதுவும் ஓர் அச்சுறுத்தலாகவே அறிந்தது. அந்த மாதம் தி க்ளாஷ், தி டாம்ட், ஜானி தண்டர்ஸின் ஹார்ட்பிரேக்கர்ஸ் ஆகியோருடன் திட்டமிட்ட சுற்றுப்பயணத்தின் பெரும்பாலான நிகழ்ச்சிகளை நகரமன்றங்கள் தடுத்தன. வேல்ஸில் கெர்ஃபில்லி என்ற சிற்றூரில் அரங்குக்கு வெளியே மக்கள் கூடி நின்று கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடி எதிர்ப்புத் தெரிவித்தனர். இவர்கள் திடீரென்று செத்துப்போனால் தேவலை என்ற பொருளில் லண்டன் மாநகர மன்ற உறுப்பினர் ஒருவர் ஒளிப்படக் கருவியின் முன்பே பேசினார். பேசப்பட்டவர்களோ இருபது வயதைத் தொட்டவர்கள்.

1977-இன் நிகழ்ச்சிகள் பல இடங்களில் எழுதப்பட்டவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரியில் இஎம்ஐ இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்தது. மார்ச்சில் ஏ அண்ட் எம் நிறுவனம் பக்கிங்ஹாம் அரண்மனை வாயிலில் கையெழுத்திட்டு ஒரே வாரத்தில் கைவிட்டது. மே மாதம் வர்ஜின் சேர்த்துக்கொண்டது. அரசியின் வெள்ளி விழாவை ஒட்டி வெளிவந்த 'காட் சேவ் தி குவீன்' பாடலை பிபிசி ஒலிபரப்ப மறுத்தும் அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. முதலிடம் மறுக்கப்பட்டதோ என்ற ஐயம் இன்றும் பேசப்படுகிறது. ஜூன் 7 அன்று தேம்ஸ் நதியில் படகிலிருந்து பாடியதைக் காவல்துறை நிறுத்தி, மெக்லாரன் உள்ளிட்டோரைக் கைது செய்தது. அதே மாதத்தில் லைடனைத் தெருவில் கத்தியால் தாக்கினார்கள், குக்கும் அடிபட்டார்.

நான் உங்களை நின்று பார்க்கச் சொல்வது வேறொரு காட்சியை. 1977 கிறிஸ்துமஸ் நாளன்று, வடக்கு இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில், ஆறு வாரமாக வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்பு வீரர்களின் பிள்ளைகளுக்காக இக்குழு பிற்பகலில் ஒரு விருந்து நடத்தியது. பெரிய கேக்கு, பரிசுகள், பாட்டு; பிள்ளைகள் கேக்கை வாரி லைடனின் முகத்தில் அப்புகிறார்கள், அவர் மகிழ்ச்சியோடு சிரிக்கிறார். அன்றிரவு அவர்கள் பெரியவர்களுக்குப் பாடியதே, 1996-இல் மீண்டும் ஒன்றுகூடும் வரை பிரிட்டனில் அவர்களின் கடைசி நிகழ்ச்சியாக அமைந்தது. நாடு முழுவதும் பிசாசுகளாக அஞ்சிய மனிதர்களை, கூலி வராத வீடுகளின் குழந்தைகள் அஞ்சவில்லை. அந்த நாளைப் பதிவு செய்தவர் டெம்பிளே. படக்கல்லூரி மாணவராக இருந்தபோதே குழுவைப் பின்தொடரத் தொடங்கியிருந்ததால் கைவசமான செல்வம் இது.

அதன்பின் வீழ்ச்சி விரைவானது. மேட்லாக்கின் இடத்துக்கு வந்த சிட் விஷஸுக்குப் பேஸ் கிதார் வாசிக்கத் தெரியாது; ஹெராயின் பழக்கம் அவரை முழுதாகப் பற்றியிருந்தது. 1978 ஜனவரி 14 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்ட் அரங்கில் லைடன் மேடையிலிருந்தே விரக்தியோடு விடைபெற்றார். அக்டோபரில் சிட்டின் காதலி நான்சி ஸ்பங்கன் நியூயார்க் விடுதி அறையில் கத்திக்குத்துப்பட்டு இறந்து கிடந்தார். கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்த சிட், வழக்கு நடக்குமுன்பே 1979 பிப்ரவரி 2 அன்று மிகையான ஹெராயினால் இறந்தார். வயது 21. தன் நண்பனைக் காப்பாற்ற முடியாமற்போனதைப் பேசும்போது நிழலுக்குள் லைடனின் குரல் உடைகிறது. சிட்டின் முகம் இன்றும் சட்டைகளில் வீரச்சின்னமாக அச்சிடப்படுகிறது. அதை அணிய நினைக்கும் எந்த இளைஞரும் முதலில் இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி இப்படத்தின் குறைகள். ஒரே ஒரு குழுவின் கண்ணால் பார்ப்பதால், பங்க் லண்டனில் பிறந்து லண்டனிலேயே முடிந்தது என்ற எண்ணத்தைத் தருகிறது. நியூயார்க்கில் பவரி தெரு 315-ஆம் எண்ணில் ஹில்லி கிறிஸ்டல் 1973-இல் திறந்த சிபிஜிபி என்ற மதுக்கூடத்தில், 1974 ஆகஸ்டிலேயே ரமோன்ஸ் குழு மேடையேறிவிட்டது. அவர்களின் முதல் தொகுப்பு 1976 ஏப்ரலில் வந்தது. 14 பாடல்கள், எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்கும் குறைவு. கிழிந்த சட்டையில் ஊக்குக் குத்தியிருந்த இசைக்கலைஞர் ரிச்சர்ட் ஹெல்லின் தோற்றத்தை மெக்லாரன் அங்கே பார்த்துவிட்டுத்தான் லண்டன் திரும்பினார். இந்தப் பகுதியை அறிய, ஏமஸ் போவும் ஐவன் க்ராலும் எடுத்து 1976-இல் வந்த 'தி பிளாங்க் ஜெனரேஷன்' உதவும். கருப்பு வெள்ளையில் படத்தைத் தனியாகவும் ஒலியைத் தனியாகவும் பதிந்து சேர்த்ததால் உதடும் பாட்டும் பொருந்தா; பொறுமை வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. பெண்களும் கறுப்பினத்தாரும் டெம்பிளின் படத்தில் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். அதற்கு டான் லெட்ஸின் 'தி பங்க் ராக் மூவி'யைப் பார்க்க வேண்டும். ஜமைக்காவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகனான லெட்ஸ், கோவென்ட் கார்டன் பகுதியில் தொடங்கிய 'தி ராக்ஸி' என்ற கூடத்தில் குழுக்களுக்கிடையே இசைத்தட்டு ஓடவிடும் வேலையில் இருந்தார். ஓடவிடும் அளவுக்குப் பங்க் இசைத்தட்டுகளே அப்போது வெளிவந்திருக்கவில்லை. ஆகவே தன்னிடமிருந்த ரெகே தட்டுகளை ஓடவிட்டார். ஒரு தற்செயல் போலத் தோன்றினாலும் இதன் விளைவு ஆழமானது. வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இரவுதோறும் ஜமைக்காவின் எதிர்ப்பிசையைக் கேட்டு வளர்ந்தார்கள். தி க்ளாஷ் தங்கள் முதல் தொகுப்பிலேயே ஜூனியர் மர்வினின் ரெகே பாடல் ஒன்றைப் பாடினார்கள். பாப் மார்லி இவ்விரு கூட்டத்தின் நட்பைப் பற்றியே 1977-இல் பாடினார். லெட்ஸ் கையில் சூப்பர் 8 என்ற சிறிய படக்கருவி ஒன்று இருந்தது. அதன் ஒரு சுருள் மூன்று நிமிட அளவே ஓடும். ஒரு பங்க் பாடலும் அவ்வளவே. முறையான பயிற்சியின்றி, கூட்டத்தில் ஒருவராக நெருக்கியடித்து நின்று அவர் எடுத்த காட்சிகளில் தி ஸ்லிட்ஸ் குழுவின் ஆரி அப் வருகிறார், 14 வயதில் பாடத் தொடங்கியவர். சோமாலியத் தந்தைக்குப் பிறந்த பாலி ஸ்டைரீன், பல்லில் கம்பி கட்டிய சிரிப்போடு எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் குழுவை நடத்துகிறார். ஒலி கரகரக்கிறது, ஒளி போதவில்லை. ஆயினும் கிதாரைப் பிடிக்கத் தெரிந்ததும் மேடையேறிய அந்த மக்களைப் போலவே படமும் இருக்கிறது என்பதால், இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

அந்த நட்பின் அரசியல் பயனை ருபிகா ஷா இயக்கி 2019-இல் வந்த 'வைட் ரயட்' காட்டுகிறது. நிறவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட் வளர்ந்துகொண்டிருந்தபோது, 1976 ஆகஸ்டில் புகழ்பெற்ற கிதார் கலைஞர் எரிக் க்ளாப்டன் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதைக் கண்டித்து எழுதப்பட்ட ஒரு கடிதத்திலிருந்து 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரம் பேர் நடந்து வந்து, தி க்ளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்ரே ஸ்பெக்ஸ் ஆகிய குழுக்களைக் கேட்டார்கள். தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு கிளைச் செய்தி: குடியேறிகளின் துயரத்தைப் பாடிய தி க்ளாஷின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாடலின் இசையின் மீதுதான், ஈழத்திலிருந்து லண்டனுக்குத் தப்பி வந்த மாதங்கி அருள்பிரகாசம் தன் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலைக் கட்டினார். செக்ஸ் பிஸ்டல்ஸ் முதன்முதலில் மேடையேறிய செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியின் வழிவந்த சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தவர் அவர்.

கூச்சல் என்றீர்கள். 1977-இன் தொடக்கத்தில் 'சைட்பர்ன்ஸ்' என்ற கையேட்டு இதழில் கிதாரின் மூன்று கார்ட்களை (சுரக்கூட்டுகளை) வரைந்து, இவ்வளவுதான், இனி ஒரு குழுவைத் தொடங்கு என்று எழுதியிருந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு, ஏறத்தாழ 500 பவுண்டு கடன் வாங்கி, எந்த நிறுவனத்தையும் நாடாமல் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே அச்சிட்டு ஆயிரம் படிகள் வெளியிட்டது. பின்னர் பல்லாயிரம் விற்றது. எளிமை என்பது இங்கே ஒரு கொள்கை. ஆனால் எளிமையை அசட்டை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செக்ஸ் பிஸ்டல்ஸின் தொகுப்பைப் பதிவு செய்தவர்களுள் முதன்மையான கிறிஸ் தாமஸ், அவர்கள் வெறுத்த பிங்க் ஃப்ளாய்டின் புகழ்பெற்ற தொகுப்பு ஒன்றின் ஒலிக்கலவையிலும் பணியாற்றியவர். ஜோன்ஸின் கிதாரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிந்து ஒரு மதில் போல எழுப்பியவர் அவர். சிட்டால் இயலாத பேஸ் கிதாரையும் பெரும்பாலும் ஜோன்ஸே வாசித்தார்.

ஆகவே படத்தைப் பார்த்து முடித்தபின், நல்ல ஹெட்ஃபோனில் 'ப்ரெட்டி வேக்கண்ட்' பாடலின் தொடக்கத்தை ஒருமுறை கேளுங்கள். அந்தக் கிதார் தொடருக்கான தூண்டுதல் ஆபா குழுவின் 'எஸ்ஓஎஸ்' பாடலிலிருந்து கிடைத்தது என்று மேட்லாக்கே சொல்லியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கூச்சலுக்கு அடியில் ஓடும் மெட்டு உங்கள் காதுக்கே அகப்படும்.